கடைசிப் பத்தியில் இருந்த எலி

ஓர் ஆய்வு எலிகள்மேல் நடந்தது என்றால் அதைக் கடைசிப் பத்தியில்தான் சொல்ல வேண்டும். அந்தப் பத்திரிகையில் இது எழுதாத சட்டம். மேலேயே எலியைப் பார்த்தால் வாசகர் ஓடிவிடுவாராம். எலிக்கு இவ்வளவு பயப்படும் அலுவலகம் வேறெங்கும் இருக்காது. வலிப்பு மாத்திரை ஞாபகசக்தியைக் குறைக்கிறது என்ற ஆய்வைப் பற்றி எழுதியபோது அறிவியல் நிருபரும் அப்படித்தான் செய்தாள். பக்கத்துக்கு ஒரு விளம்பரம் வந்தது. இடமில்லாமல் கடைசிப் பத்தி போயிற்று, கூடவே எலியும். அவள் பார்த்தாள், பார்த்தும் வாயை மூடிக்கொண்டாள்.

செய்தி இணையதளத்திலும் அப்படியே வந்தது. மறுநாள் அதற்குக் கீழே சண்டை மூண்டது. 'சந்தேகப்பிராணி' என்ற பெயரில் ஒரு வாசகர் மூல ஆய்வையே தேடிப் படித்துவிட்டு வந்திருந்தார். "இது எலிங்க மேல செஞ்ச சோதனை. மனுஷங்களுக்குக் கொடுக்கிறதைவிடப் பல மடங்கு மருந்து வேற. அதை ஏன் சொல்லலை?" அவர் பக்கம் நாலைந்து பேர், மற்றவர்கள் எல்லாம் அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நிருபருக்கு மனசு கேட்கவில்லை. ஆசிரியரிடம் போனாள். "சார், அவர் சொல்றது சரிதான். திருத்தம் போட்டுடலாம்."

"இப்பதான் களைகட்டியிருக்கு. சாயங்காலம் பார்த்துக்கலாம்மா."

திரும்பி வந்து உட்கார்ந்தபோது புதிதாக ஒரு பதில் வந்திருந்தது. 'மெஸ் அக்கா' எழுதியிருந்தாள்: "எழுதின பொண்ணை எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை தப்பா எழுத மாட்டா. நான் நேத்தே மாத்திரையை நிறுத்திட்டேன்."

மெஸ் அக்கா யாரென்று நிருபருக்குத் தெரியும். அது அவளுடைய சொந்த அக்கா. விடுதிச் சமையலறையில் கொதிக்கிற எண்ணெய் முன்னால் நின்று வேலை செய்பவள். பல வருஷமாக வலிப்பு எட்டிப் பார்க்காமல் இருப்பது அந்த மாத்திரையின் புண்ணியம்.

உடனே போன் போட்டாள்.

"பார்த்தியாடி, உனக்காக எப்படி மல்லுக்கட்டினேன்!"

"அக்கா, அந்த ஆள் சொல்றதுதான் சரி. தப்பு என்மேலதான். முதல்ல அடுப்பை விட்டுத் தள்ளி வா. மாத்திரையைப் போடு."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "யாருடி உன்னை மிரட்டுறது?"

"யாரும் மிரட்டலைக்கா! சத்தியமா!"

"குரலே நடுங்குது. உன்னை எனக்குத் தெரியாதா? வேலைக்குப் பயந்துக்கிட்டுப் பேசற. நீ தைரியமா இரு."

வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தால் எடுக்கவில்லை. நிருபர் யாரையும் கேட்காமல் செய்திக்குக் கீழே தன் பெயரிலேயே எழுதினாள்: "இது எலிகளில் நடந்த ஆய்வு. யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தவறு என்னுடையது."

உடனே பதில் வந்தது. "பாவம், பொண்ணை மிரட்டி எழுத வச்சிட்டாங்க. யாரும் நம்பாதீங்க" என்று எழுதியிருந்தாள் மெஸ் அக்கா. அதற்கு விருப்பக்குறிகள் மளமளவென்று விழுந்துகொண்டிருந்தன.