பென்சில் கோடு போட்டது யார்

நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு வரும் பல் டாக்டருக்குச் சாயங்காலமானால் ஒரு கொலை வேண்டும். துப்பறியும் நாவலோடு காலை நீட்டி உட்கார்ந்துவிட்டால் இடி விழுந்தாலும் அசைய மாட்டார்.

அந்தச் சுகத்தில்தான் யாரோ மண்ணை அள்ளிப் போட்டார்கள். வாடகை நூலகத்திலிருந்து எடுத்து வந்த நாவலின் முதல் அத்தியாயத்தில், வக்கீலின் பெயருக்குக் கீழே அழித்தும் அழியாத பென்சில் கோடு. கடைசியில் கொலைகாரன் அந்த வக்கீல்தான். அடுத்த நாவலில் கோடு சித்தியின் பெயருக்குக் கீழே. விஷம் வைத்தவள் அவளேதான். நூலகத்துக்கு வரும் வேலையற்றவன் எவனோ செய்கிறான் என்று எண்ணி, மூன்றாவதைக் கடையில் புதிதாக வாங்கினார். இரண்டு நாள் மேஜையில் கிடந்ததை எடுத்துப் பிரித்தால் அதிலும் கோடு.

அப்படியானால் ஆள் வீட்டுக்குள் வந்துபோகிறவன்.

சந்தேகம் நேராக மச்சான் மேல் போய் உட்கார்ந்தது. மனைவியின் அண்ணனான அவர் பத்திரிகையில் புத்தக மதிப்புரை எழுதுகிறவர். ஞாயிறு தவறாமல் வருவார்.

“என்ன மாப்பிள, இன்னும் பொணம் விழுந்துட்டேதான் இருக்கா? கொஞ்சம் வாழ்க்கையையும் படிங்க. என் தங்கச்சியப் பாருங்க.”

தங்கையின் மடியில் தலையணை கனத்துக்கு ஒரு நாவல் இருக்கும். பள்ளியில் கணக்கு டீச்சரான அவளுக்குச் சின்ன வயதிலிருந்து அண்ணன்தான் புத்தகம் பொறுக்கித் தருவார். அவர் கிண்டல் செய்யும்போதெல்லாம் அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அடுத்த ஞாயிறு டாக்டர் இன்னொரு புது நாவலைச் சோபாவில் போட்டுவிட்டுக் கதவிடுக்கில் நின்றுகொண்டார். மச்சான் வந்தார். புத்தகத்தை எடுத்தார், அட்டையைப் பார்த்து உதட்டைச் சுழித்தார், நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு குறட்டை விட்டார். அவர் போனபின் டாக்டர் ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தார். கோடு இல்லை.

செவ்வாய்க்கிழமை பார்த்தபோது இருந்தது.

இடையில் வீட்டுக்கு ஈ, காக்கா வரவில்லை. டாக்டரின் கணக்கில் மிச்சம் மனைவி ஒருத்திதான். மனைவியின் தலையணை நாவலை மெல்ல எடுத்துப் பார்த்தார். அடையாள நாடா பாதிக்கு முன்னாலேயே நின்றது. அந்தப் பக்கங்களில் அதன் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. மாதக்கணக்கில் அது நகரவே இல்லை. அப்படியானால் இத்தனை நாளும் அதை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தாள்? இதையே மறைத்தவள் இன்னும் எதையெல்லாம் மறைக்கிறாளோ?

மறுநாள் நாலரை மணிக்கே, வரவேண்டியவர்களுக்கு வேறு நேரம் சொல்லிவிட்டு, சாவியைச் சத்தமில்லாமல் திருப்பி உள்ளே வந்தார். மனைவி பள்ளியிலிருந்து வந்த புடவையோடு, சமையலறையில் அடுப்புக்கு எதிரே நின்றபடி அவருடைய நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள். காதில் பென்சில்.

“நீதானா?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “அழிச்சுட்டுத்தானங்க வெச்சேன். நீங்க சொத்தப் பல்லு தேடுற மாதிரி தேடுவீங்கன்னு யாரு கண்டா?”

“முடிவைப் பாத்துட்டுக் கோடு போட்டு என் பொழப்பக் கெடுக்குறியா?”

“பாக்கல. முதல் அத்தியாயத்துலயே கண்டுபிடிக்கிறேனான்னு எனக்கு நானே பரீட்சை வெச்சுக்கிட்டேன். அவ்வளவுதான்.”

“அப்ப அந்தப் பெரிய புத்தகம்?”

அவள் அடுப்பை அணைத்தாள்.

“அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப அதத்தான் படிச்சிட்டிருந்தேன். அதுலயும் ஒரு மனுஷன் இழுத்துட்டுக் கெடக்குறான். அப்பா போனதுக்கப்புறம் அந்தப் பக்கத்தத் திருப்பவே கை வரல. உங்க புத்தகத்துல செத்தவன் முதல்லயே செத்துர்றான். யாரும் அழ வேண்டாம். கண்டுபிடிச்சாப் போதும்.”

“என்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“அண்ணன் உங்களக் கேலி பண்ணப்பல்லாம் நானும் சிரிச்சேன்ல. எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?”

டாக்டர் அவள் கையிலிருந்த நாவலைப் பார்த்தார். மாமனார் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவள் எதைப் படிக்கிறாள், எதைப் படிக்க முடியாமல் தவிக்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கோட்டைத் தேடிய கண்ணுக்கு அவள் முகம் தெரியவில்லை.

“சரி, இதுல யாரு கொலைகாரன்னு மட்டும் சொல்லிராத,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தபோது தங்கை கூடத்திலேயே உட்கார்ந்து, கத்தியும் ரத்தமுமான அட்டை வெளியே தெரிய, படித்துக்கொண்டிருந்தாள். மச்சான் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார். பிறகு மெதுவாக டாக்டர் பக்கம் திரும்பினார்.

“மாப்பிள, இது உங்க வேலைதானே?”

“இல்லண்ணா, நானாத்தான்…” என்று அவள் தொடங்கினாள்.

“ஆமா மச்சான், நான்தான் கெடுத்தேன்,” என்றார் டாக்டர்.

மச்சான் நம்பவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தார். போகும்போது வாசலில் நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார்: “உண்மையச் சொல்லுங்க. அவ நல்லாத்தானே இருக்கா?”