எச்சில் விழுங்கிய இடம்

கதவைத் திறந்தவரின் முகத்தை வாசலில் நின்ற அம்மாள் சரியாகப் பார்க்கவில்லை. "யாரும்மா வேணும்?" என்று அவர் கேட்டதும் கண்களை மூடிக்கொண்டாள். பிறகு, "நீங்கதான்" என்றாள்.

புத்தகங்களை ஒலிநூலாக வாசித்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. முகம் பக்கத்து வீட்டுக்காரருக்கே அடையாளம் தெரியாது. குரல் மட்டும் ஊரெல்லாம் சுற்றும். லாரி ஓட்டுகிறவர், பாத்திரம் தேய்க்கிறவர், தூக்கம் வராமல் புரளுகிறவர் என்று யார் யார் காதிலோ போய்க் குடியிருக்கும். அந்தக் குரலைத் தேடி எப்போதாவது ஒருவர் வந்து நிற்பதுண்டு. அன்றைக்கு அவருக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருக்கும், பாவம், மனுஷன்தானே. இதுவும் அப்படித்தான் என்று எண்ணி, ஒலிப்பதிவுக் கூடத்தின் முன்னறையில் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அவள் தையல்காரி. மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பாளாம். முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகும் ஓடி ஜெயித்த ஓட்டக்காரியின் கதை, மூக்கு உடைந்து விழுந்து எழுந்த குத்துச்சண்டைக்காரனின் கதை, விளையாட்டு வீரர்களைப் பற்றி அவர் வாசித்தது ஒன்றையும் விட்டதில்லை. மகன் ஜெயிலுக்குப் போன பின்பு வீட்டில் கேட்ட ஆண் குரல் அது ஒன்றுதான் என்றாள். குத்துச்சண்டைக்காரன் எழுந்துவிட்டான் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் நானும் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன் என்று சொன்னபோது லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். அவருக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. அதற்குள் அவள், கிடங்குக் காவலாளி கொலையைப் பற்றி ஒரு புத்தகம் வாசித்தீர்களே, அதில் கொன்றவனாக வருகிறவன் என் பிள்ளை என்றாள்.

அவள் குடித்துவிட்டுக் கொடுத்த தம்ளரை அவர் எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"போலீஸ் சொன்னப்போ நான் நம்பல தம்பி. கோர்ட்டுல சொன்னப்பவும் நம்பல. சொந்தக்காரங்க மொத்தமும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க, அப்பவும் நம்பல. 'அவன் கை நடுங்கவில்லை'ன்னு நீங்க சொன்னீங்க பாருங்க. நடுங்கலைங்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்துனீங்க. பக்கத்துல நின்னு பாத்தவர் மாதிரி."

அந்த இடம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, தொண்டை வறண்டிருந்தது. வாக்கியத்தின் நடுவில் எச்சில் விழுங்கினார். திரும்பப் படிக்கிறேன் என்றதற்கு, ஒலிப்பதிவு செய்யும் பெண்தான், பிரமாதமாக வந்திருக்கிறது சார், அப்படியே இருக்கட்டும் என்றாள். இதை எப்படிச் சொல்வது? சொல்லித்தான் பார்த்தார். எழுதியது யாரோ ஒரு பத்திரிகைக்காரர், நான் வெறும் வாய்தான் அக்கா, வயிற்றுப் பசியில் எச்சில் விழுங்கினேன், வேறு ஒன்றுமில்லை என்றார். தையல்காரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப குத்துச்சண்டைக்காரன் கதையும் வெறும் வாயிலதான் படிச்சீங்களா?"

அவர் தம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தார்.

மாதா மாதம் மகனைப் பார்க்கப் போகிறவள் அவள். கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவன் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவாளாம். இந்த முறை பார்வை தானாகக் கீழே போய்விட்டது. அவன் கையைப் பார்த்துக்கொண்டே பேசிவிட்டு வந்திருக்கிறாள். பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. "நீயுமாம்மா?" என்று கேட்டானாம். நாளைக்கு மறுபடியும் போக வேண்டும்.

"அவன் செய்யலைன்னு உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க. இங்க வேணாம். எங்க உக்காந்து அதச் சொன்னீங்களோ, அங்க உக்காந்து சொல்லுங்க. வேறெதுவும் கேக்கல."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தைதானே என்று நினைத்துவிட்டார். கண்ணாடி அறைக்குள் போய் மைக்கின் முன்னால் உட்கார்ந்தார். வெளியே ஒலிப்பதிவு செய்யும் பெண் தையல்காரியைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, நரைத்த தலைமுடியை ஒதுக்கி, காதில் ஹெட்போனைப் பொருத்திவிட்டாள்.

"அவன் செய்யல" என்றார். செய்தி வாசித்ததுபோல் தட்டையாக விழுந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, குழைத்து, இன்னொரு முறை சொன்னார். தையல்காரி கண்ணைத் திறந்து தலையை ஆட்டினாள். அறைக்குள் கேட்கும்படி பேச அந்தப் பெண் வைத்திருந்த மைக் பக்கம் குனிந்து, "ஆறுதல் சொல்லாதீங்க தம்பி. சொல்லுங்க" என்றாள்.

வாழ்நாளில் ஒரு மைதானத்தை மிதித்தவரில்லை அவர். ஓட்டக்காரியின் முழங்கால் வலியைத் தன் வலிபோலச் சொன்னவர். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதற்கு அவர் நாக்கு ஒருநாளும் தயங்கியதில்லை. இப்போது அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அந்தப் பிள்ளை செய்தானா, இல்லையா? புத்தகத்தைத் தாண்டி அவனைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? மெல்லச் சொன்னார், அழுத்திச் சொன்னார், சும்மா பேசுவதுபோலவும் சொன்னார். ஒவ்வொன்றும் அவர் காதிலேயே பொய்யாக ஒலித்தது. ஒலிப்பதிவு செய்யும் பெண் பொத்தானில் விரலை வைத்தபடி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் தையல்காரி மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அவர், "அவன்" என்று தொடங்கினார். அவளுடைய உதடுகளும் கூடவே அசையத் தொடங்கின. அடுத்த வார்த்தை அவருக்கு வரவில்லை. அவள் உதடுகள் மட்டும் நிற்காமல் அதைச் சொல்லி முடித்தன. என்ன சத்தத்தில் சொன்னாளோ, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.