ஓட்டை விழுந்த கீரை

மாரித்தாயின் கைப்பக்குவத்தில் விஷம் இருக்கிறது என்று ஊரே பேசியது. ஆனால் ஒருத்தராவது அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமே! அவள் வாய்க்கு அவ்வளவு பயம்.

எம். புதுப்பட்டிக்கு மேற்கே இருந்த அந்த ஊரின் திருச்சபைப் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போடத் தொடங்கிய நாளிலிருந்து அவள்தான் சமையல்காரி. ஒரு செவ்வாய்க்கிழமை கீரைக்குழம்பு வைத்தாள். சாப்பிட்ட பிள்ளைகளில் பாதிப் பேர் வீடு போய்ச் சேருமுன்னே வாந்தி எடுத்தார்கள். சிலருக்குக் கைகால் துவண்டுவிட்டது. வண்டி கட்டிச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நல்லவேளை, எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள்.

"அவ மட்டும் எப்படி நல்லா இருக்கா?" என்று கேட்டார் சோணைமுத்து. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் போர்மேன். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிள்ளைகளில் அவர் மகள் சொர்ணமும் ஒருத்தி.

கேள்வி நியாயந்தான். பதிலும் சாதாரணமானதுதான். மாரித்தாய் எப்போதும் கடைசியில் சாப்பிடுகிறவள். அன்றைக்கு அவளுக்கு மிஞ்சியது வெறும் சோறு. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம். சோற்றை நிறுத்திவிடுவது என்று சோணைமுத்து ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார். வேலை போவதைப் பற்றி மாரித்தாய்க்குக் கவலை இல்லை என்றால் அது பொய். ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. சோறு வருவதற்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைவிடக் காக்கைகள் அதிகம். பிள்ளைகள் எல்லாரும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டுச் சோறுதான் அவர்களை இங்கே இழுத்து வந்தது. பானையைக் கவிழ்த்தால் மறுநாளே அங்கே போய்விடுவார்கள்.

தலைமையாசிரியை தேவமணி டீச்சர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எனக்கு உன் மேல சந்தேகம் இல்ல மாரித்தாயி. ஆனா கூட்டத்துல கேட்டா என்ன பதில் சொல்லட்டும்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் டீச்சர். நான் சொல்லிக்கிடுதேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, சொல்ல ஒன்றும் இல்லை. அரிசியைப் புடைத்துப் பார்த்தாள். பருப்பை மென்று பார்த்தாள். அண்டாவின் ஈயப்பூச்சைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தன.

வெள்ளிக்கிழமை காலையில் தேறிவந்த பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்க அடுப்பைப் பற்றவைத்தாள். செவ்வாய்க்கிழமை அவள் நறுக்கிப்போட்ட கீரைவேர்கள் மண்ணோடு ஒரு மூலையில் காய்ந்து கிடந்தன. "போ, நீயும் எரிஞ்சு தொலை" என்று அள்ளி அடுப்பில் எறிந்தாள்.

வேர் சடசடவென்று பொரிந்தது. தீயின் ஓரம் பச்சையாக எழும்பியது.

மாரித்தாய் அப்படியே குந்திவிட்டாள். சமையலுக்கு வருமுன் அவள் மத்தாப்பு ஷெட்டில் சீசன் வேலை பார்த்தவள். எந்த விறகும் இந்தப் பச்சையில் எரியாது. பச்சை மத்தாப்புக்கென்றே கம்பெனிக்கு ஒரு உப்பு வருகிறது. அதைத் தொட்ட கையைக் கழுவாமல் வெற்றிலைகூடப் போடக்கூடாது என்று அங்கே முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அந்த உப்புக்குக் கீரைப்பாத்தியில் என்ன வேலை?

கஞ்சியை இறக்கிவைத்துவிட்டுச் செல்லச்சாமியின் தோட்டத்துக்கு நடந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கீரை போடுகிறவர் அவர்தான். பாத்தியில் தண்டங்கீரை இடுப்பு உயரம் நின்றது. ஒரு இலையிலும் ஒரு ஓட்டை கிடையாது. கிணற்றடித் தொட்டியில் சாக்குகள் ஊறிக்கொண்டிருந்தன. தொட்டித் தண்ணீர் வாய்க்கால் வழியே பாத்திக்குப் போனது. வரப்பெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இது எந்தச் சாக்கு அண்ணாச்சி?"

"கம்பெனிச் சாக்கு தாயி. உப்பு வந்த காலிச் சாக்கு, சோணைமுத்து தர்றாரு. கழுவிக் கொடுத்தா கம்பு, சோளம் போட்டு வைக்க வீட்டுக்கு வீடு வாங்குறாக. அந்தத் தண்ணி பாயிறதுலதான் கீரை இம்புட்டுச் செழிப்பு. ஒரு புழு அண்டல பாரு. தவளைச் சத்தம்கூட ஓஞ்சு போச்சு. நிம்மதியா உறங்குதோம்."

"தவளை எங்க போச்சுன்னு யோசிச்சீகளா?"

செல்லச்சாமி தொட்டியைப் பார்த்தார். அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. விளங்கியதும் கோபம் வந்தது.

"ஏம்மா, போன வருசம் ஓட்டை விழுந்த கீரையக் கொண்டாந்தப்ப எம் மூஞ்சியில விட்டெறிஞ்சது யாரு? மாடு திங்குமா இதைன்னு கேட்டது யாரு?"

கேட்டது அவள்தான். பளபளப்பு வேண்டும் என்று அவள் கேட்டாள், அவர் பளபளப்பைக் கொண்டுவந்தார்.

"தப்பு எனக்கும் உண்டு அண்ணாச்சி. கூட்டத்துல அதையும் சொல்லுதேன். அந்த வரப்பு மண்ணை மட்டும் நீங்களே உங்க கையால அள்ளிட்டு வாங்க."

பொழுது சாயும்போது முற்றம் நிறைந்துவிட்டது. கம்பெனியிலிருந்து திரும்பியவர்கள் குளிக்காமல்கூட வந்திருந்தார்கள். சோணைமுத்து எழுந்து பேச வாயெடுத்தார். அதற்குள் மாரித்தாய் இரும்புச் சட்டி நிறையத் தணலைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"நான் பேசினா நம்ப மாட்டீக. இது பேசட்டும். அண்ணாச்சி, போடுங்க."

செல்லச்சாமி வரப்பில் பூத்திருந்த வெள்ளையை ஒரு பிடி தணலில் போட்டார். சுர்ரென்று பொரிந்து பச்சைத் தீ எழும்பியது. எதிரே நின்றவர்கள் முகமெல்லாம் பச்சையாகத் தெரிந்தது.

அந்தப் பச்சையை ஊருக்கெல்லாம் செய்து அனுப்புகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு யார் வந்து விளக்க வேண்டும்?

முதலில் வாய் திறந்தவர் சோணைமுத்துதான். "இது நம்ம பச்சைல்லா" என்றார்.

"ஆமா. உங்க சாக்குல வந்தது. கீரைக்குப் போச்சு. பளபளன்னு இருக்கேன்னு நான்தான் கேட்டு வாங்கிக் குழம்பு வச்சேன்." மாரித்தாய் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். "இப்ப வீட்டுக்குப் போயி, கம்பு எந்தச் சாக்குல கிடக்குன்னு பாருங்க."

சோணைமுத்து துண்டை உதறித் தோளில் போடக்கூட நிற்காமல் ஓடினார். அவர் வீட்டு உள்ளறையில் அந்தச் சாக்கு இரண்டு நின்றது. சொர்ணம் தினமும் குடித்த கூழ் அதிலிருந்து வந்ததுதான். ஓடிய வேகத்திலேயே சாக்கைத் தோளில் சுமந்து திரும்பி வந்து முற்றத்தில் போட்டார். பின்னாலேயே ஊர் வந்தது. சாக்கு மேல் சாக்கு விழுந்து பள்ளிக்கூட வாசல் மறைந்துவிட்டது.

"இனி ஒரு சாக்கு ஊருக்குள்ள வராது. வந்த வண்டியிலேயே கம்பெனிக்குத் திரும்பும். மாரித்தாயி, நான் உன்னை..." என்று இழுத்தார் சோணைமுத்து.

"அதெல்லாம் இருக்கட்டும். பானையக் கவுக்கணுமா, வேண்டாமா?"

"கவுக்கக் கூடாது!" என்று முதலில் கத்தியது பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை. அப்புறம் முற்றமே கத்தியது. தேவமணி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாரித்தாய்க்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

செல்லச்சாமி பழைய பாத்தியை விட்டுவிட்டார். தோட்டத்தின் மறுகோடியில், தூரத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றி, ஆட்டுப் புழுக்கை போட்டு மறுபடி விதைத்தார். அந்த வருஷத்து மழையில் தவளைகள் கத்தத் தொடங்கியதும், "உறக்கம் போச்சு தாயி" என்று வந்து சிரித்துவிட்டுப் போனார்.

அந்தக் கீரை குட்டையாக, வெளிறி, இலைக்கு நாலு ஓட்டையோடு வந்தது. மாரித்தாய் கீரைக்கட்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இலைக்கடியில் பச்சைப் புழு ஒன்று கொழுகொழுவென்று நெளிந்தது. அதை விரலில் ஏந்தி எல்லாருக்கும் காட்டினாள்.

"பாத்தீகளா, இவன் தின்னுட்டு உசுரோட இருக்கான்!"

அன்றைக்குப் பந்தியில் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சம்மணம் போட்டு சோணைமுத்து உட்கார்ந்திருந்தார். முதல் தட்டு எனக்குத்தான் என்று அடம்பிடித்து வாங்கி, ஊர் பார்க்கக் கீரைக்குழம்பைப் பிசைந்து சாப்பிட்டார். வழித்துத் தின்றுவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினார்.

மாரித்தாய் அகப்பையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "புள்ளைகளுக்குப் போட்டது போகத்தான் அண்ணாச்சி."

பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.