எலிஹியோ வீட்டு மாடி ஜன்னல்

தீவின் பழைய துறைமுகப் பகுதியான ஓத்ரோபந்தாவின் சந்துகளில், சுற்றுலா வரும் கேமராக்காரர்களை நடத்திக் கூட்டிப்போவதுதான் லுட்வினாவின் பிழைப்பு. கப்பல் வந்து நிற்கும் நாட்களிலும் சனிக்கிழமை காலைகளிலும் மிதவைப் பாலத்தருகே ஆட்களைச் சேர்த்துக்கொள்வாள். ஒலிபெருக்கி எதுவும் தேவைப்படாத குரல் அவளுக்கு.

எல்லாரும் அதிக நேரம் நிற்பது எலிஹியோவின் வீட்டு முன்னால்தான். வளைந்த முகப்பு, உப்பரித்து உதிரும் சிவப்புச் சுவர், மாடியில் பச்சைப் பலகை ஜன்னல். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்ந்தவர் எலிஹியோ. அங்கே தனியாக இருந்தார். ஜன்னலில் கையூன்றி நின்று வம்பிழுப்பார். அவளும் விடமாட்டாள்.

அது போன மாதம் சண்டையானது. கூட்டத்தில் ஒருவன் படியேறி, திறந்திருந்த கதவு வழியே அவருடைய கட்டிலைப் படமெடுத்துவிட்டான்.

"என் கட்டிலும் இருநூறு வருஷப் பழசுன்னு சொல்லிக் காட்டுறியாடி?"

"தெரியாம எடுத்துட்டாரு, விடுங்க பெரியவரே. தெருமேல வீட்டக் கட்டிட்டு யாரும் பாக்கக்கூடாதுன்னா எப்படி?"

"நான் கட்டல. அடிமை வித்துத் தின்னவன் கட்டினது. ஓடு ஒழுகுனா சட்டி வெக்கிறதுதான் என் வேல. இனிமே உன் குரல் கேட்டாலே ஜன்னலச் சாத்திருவேன், பாரு."

சொன்னபடி சாத்தினார். சாத்திய ஜன்னல் படத்தில் இன்னும் அழகாக இருப்பதாக வந்தவர்கள் சொன்னார்கள். கோபம் ஆறினால் தானே திறப்பார் என்று லுட்வினாவும் விட்டுவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை ட்ரினிடாடிலிருந்து ஹோலிஸ் என்ற பல் மருத்துவர் வந்திருந்தார். நீளமான லென்ஸ் வைத்திருந்தார். அந்த வீட்டுக் கூரை ஓடுகள் கப்பலில் வந்த கதையை லுட்வினா சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேமராவைக் கொண்டுவந்து அவள் முகத்தருகே நீட்டினார்.

"அம்மா, இதக் கொஞ்சம் பாருங்க. இது பலகையா, விரலா?"

பச்சைப் பலகைகளின் இடுக்கில், அடியில், மூன்று விரல்கள் வெளியே தெரிந்தன. அவள் நிமிர்ந்து பார்த்தாள். தெருவிலிருந்து பார்த்தால் நிழல் மாதிரிதான் இருந்தது. பிறகு அந்த நிழல் அசைந்தது.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஹோலிஸும் எதிர்வீட்டு இறைச்சிக் கடைக்காரரும் தோளால் இடித்து உடைத்தார்கள். எலிஹியோ மாடி ஜன்னலடியில் ஒருக்களித்துக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. கீழ் உடம்பெல்லாம் நனைந்து காய்ந்திருந்தது. லுட்வினா தண்ணீர்ப் புட்டியைத் திறந்தாள். "ஊத்தாதீங்க, துணிய நனைச்சு உதட்டுல வெச்சாப் போதும்" என்றார் ஹோலிஸ். தெருவில் ஒருவர் இன்னும் படமெடுத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் இறங்கிப் போய் அவர் கேமராவைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே நின்றார்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அதைவிட, தண்ணீரில்லாமல் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார் மருத்துவர். மறுநாள் அவள் பார்க்கப் போனபோது எலிஹியோவுக்கு நினைவு தெளிவாக இருந்தது.

"செவ்வாக்கிழம விழுந்தேன்" என்றார். "வியாழக்கிழம நீ கப்பல் கூட்டத்தக் கூட்டிட்டு வந்த."

"ஆமா."

"நேரா கீழ நின்ன. கூப்பிட்டேன். நீ அந்த ஓட்டுக் கதையச் சொல்லிட்டிருந்த. மறுபடியும் கூப்பிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீ ஏதோ சொன்ன போல."

அவள் என்ன சொன்னாள் என்பது அவளுக்கு நினைவிருந்தது. 'இந்த வீட்டுக் கிழவருக்கு என்மேல கோவம், அதான் ஜன்னல் மூடியிருக்கு' என்று சொல்லியிருந்தாள்.

"கேக்கலையே. சத்தியமா கேக்கல."

"எப்படிக் கேக்கும்? உன் குரல் அவ்வளவு பெருசு."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்வை நேரம் முடிந்தது என்று செவிலி வந்து சொல்லும்வரை அவர் திரும்பவில்லை. திங்கட்கிழமை மதியம் இறந்துபோனார்.

அடக்கத்துக்கு ராட்டர்டாமிலிருந்து மகள் ஜாஹைரா வந்தாள். கல்லறை வாசலில் லுட்வினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கதவ உடைக்க வெச்சது நீங்கதானாமே. அப்பா ஏதாவது சொன்னாராக்கா?"

பொய் சொல்ல நிறைய இருந்தது. உன்னைக் கேட்டார், நன்றி சொன்னார் என்றிருக்கலாம். லுட்வினா நடந்ததைச் சொன்னாள்: வியாழக்கிழமை, ஓட்டுக் கதை, சிரிப்பு, எல்லாம்.

ஜாஹைரா கேட்டு முடித்தாள். பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள்.

"நானும் அந்த வாரம் ஃபோன் பண்ணல" என்றாள். பிறகு, "இத என்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம் நீங்க."

"இருந்திருக்கலாம்."

உறவுக்காரர்கள் வந்து ஜாஹைராவை அழைத்துப்போனார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு பூசிய கல்லறைகளுக்கு நடுவே வழி தெரிந்தும் லுட்வினா வெகுநேரம் நகரவில்லை.