நாலாம் நம்பர் எஞ்சினும் பத்தொன்பதாம் பக்கமும்

அந்தப் படப் புத்தகம் கடைக்கு வந்த திங்கட்கிழமை காலையில், கல் குவாரியின் நாலாம் நம்பர் எஞ்சின் நெருப்புப் போடாமலே கொதித்தது. அடுப்பில் முந்தின நாள் சாம்பல்தான் கிடந்தது. அழுத்தமானி நூற்று நாற்பதைக் காட்டியது. ஃபிட்டர் அதைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். அதுவும் நூற்று நாற்பதையே காட்டியது. கரி மிச்சம் என்று மேனேஜர் சந்தோஷப்பட்டார்.

புத்தகத்தின் நாயகனே அந்த எஞ்சின்தான். இரண்டடி அகலத் தண்டவாளத்தில் குவாரியிலிருந்து படகுத்துறைவரை கல் இழுக்கும் குட்டி எஞ்சின். முந்தின வருஷம் ஓர் எழுத்தாளர் வந்து, மேனேஜர் வீட்டில் ஒரு வாரம் தங்கி, அதைச் சுற்றிச் சுற்றிப் படம் வரைந்துகொண்டு போயிருந்தார். புத்தகத்தில் அதற்குக் கண்ணும் புருவமும் சிரிப்பும் முளைத்திருந்தன. அதுகூடப் பரவாயில்லை. பத்தொன்பதாம் பக்கத்தில், ஏழாவது மைல் வளைவில், ‘தூங்குமூஞ்சி’ என்கிற, அடுப்புக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் குறட்டை விடுகிறார், வண்டி கவிழ்கிறது, அவர் சேற்றில் தலைகுப்புறக் கிடக்க, எஞ்சின் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

வளைவில் வண்டி கவிழ்ந்தது நிஜம். ஃபயர்மேன் செத்ததும் நிஜம். ஆனால் அவர் தூங்கவில்லை. பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று மேனேஜருக்கு மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தார். அன்றைக்கு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனதும், டிரைவரைக் குதிக்கச் சொல்லிவிட்டு, கைப்பிரேக்கைத் தொங்கிப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியோடுதான் உடலை எடுத்தார்கள். ஃபயர்மேன் தூங்கிவிட்டதாக மேனேஜர் அறிக்கை எழுதினார். மூன்று கடிதங்களும் காணாமல் போயின. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஃபயர்மேனின் மனைவிக்கு ஷெட்டிலேயே எஞ்சின் துடைக்கும் வேலை. பள்ளிக்கூடத்தில் மகளைத் ‘தூங்குமூஞ்சி பொண்ணு’ என்று கூப்பிட ஆரம்பித்த அன்று, அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

“கதைதானேம்மா. சின்னப் பசங்க சிரிக்கிறதுக்கு எழுதினது.”

“கதைன்னா வளைவை மாத்தியிருக்கலாமே சார். எஞ்சின் நம்பரை மாத்தியிருக்கலாமே. அதெல்லாம் அப்படியே இருக்கு. செத்த மனுஷனைத்தான் மாத்தணும்னு தோணுச்சா?”

மேனேஜர் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள் திரும்பிவந்து கொதிகலனை அழுத்தித் துடைத்தாள். கை வெந்துபோகும்மா என்று டிரைவர் தடுத்தார். “எனக்குச் சுடலைண்ணே,” என்றாள். உண்மையிலேயே சுடவில்லை. மற்றவர்கள் தொட்டால் கொப்பளம் கண்டது.

எஞ்சினைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்ததும், மேனேஜர் புத்தகத்தில் இருப்பதுபோலவே சிரிக்கும் தகர முகம் ஒன்று செய்து முன்னால் மாட்டினார். மத்தியானத்துக்குள் அது உருகி ஒழுகிவிட்டது. அடுத்து மாட்டியதும் ஒழுகியது. மூன்றாவதை வார்ப்பிரும்பில் செய்தார்கள். அதுவும் மெழுகாய் வடிந்தது.

முகமில்லாமலே விழா வைத்தார்கள். எழுத்தாளர் பிளாட்பாரத்தில் நாற்காலி போட்டு, இருநூறு குழந்தைகளுக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டினார். பத்தொன்பதாம் பக்கம் வந்ததும், யாரும் தொடாமலே எஞ்சினின் வால்வு திறந்து நீராவி பிளாட்பாரத்தை மூடியது. ஒருவருக்கும் சுடவில்லை. ஆவி விலகியபோது, உறையிலிருந்து தபால்தலை பெயர்ந்து வருவதுபோல அந்தப் பக்கத்தின் எழுத்தும் படமும் பெயர்ந்துபோயிருந்தன. குழந்தைகள் கையிலிருந்த புத்தகங்களிலும் அப்படியே. அந்த வாரத்துக்குள் எல்லா ஊர்க் கடைகளிலும் அந்தப் பக்கம் வெள்ளையாகிவிட்டது. மறுபடி அச்சடித்தார்கள், மை வழுக்கி ஓடியது.

எழுத்தாளர் ஷெட்டுக்கு வந்து, என்ன நடந்தது என்று முதல்முறையாக அவளிடம் கேட்டார். அவள் சொல்லச் சொல்லத் தன் புத்தகத்தின் வெள்ளைப் பக்கத்தில் எழுதினார். அந்த மை ஒட்டியது. அதை அச்சில் போட்டால் வழக்குப் போடுவோம் என்று குவாரி நிர்வாகம் மிரட்டியதால், பதிப்பாளர் அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டார். வாங்கியவர்கள் புத்தகத்தோடு ஷெட்டுக்கு வந்து வரிசையில் நின்றார்கள். அவள் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றிலும் எழுதிக் கொடுத்தாள். எத்தனை எழுதியும் கோபம் குறையவில்லை; எழுத்துதான் அழகானது.

பதினோரு வருஷம் கழித்து, ஓய்வுபெற்ற மேனேஜர் பேத்தியின் புத்தகத்தோடு அதே வரிசையில் வந்தார். பக்கம் வெறுமையாக இருக்கிறதென்று குழந்தை அழுவதாகவும், ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்றும் சொன்னார். அவள் பேனாவை அவர் பக்கம் நீட்டினாள்.

“நீங்களே எழுதுங்க.”

வரிசை மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. பிரேக் கட்டை தேய்ந்திருந்தது என்று எழுதிவிட்டு அவர் பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். அவள் வாங்கவில்லை.

“மூணு கடிதம்,” என்றாள்.

அவர் அதையும் எழுதினார். மூன்றையும் கிழித்தது தான்தான் என்று, அவள் கேட்காததையும் எழுதினார். மை ஒட்டியது. அவள் கடைசிவரை படித்துப் பார்த்து, ஊதிக் காயவைத்து, புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.