ஜமீலத் முத்தமிட்ட பெயர்

வாசனை எண்ணெய் தங்கையின் நெற்றியிலிருந்து காதுக்குள் வழிந்தது. ஹகாரு பதறிப்போய்த் துடைத்தாள். காதில் ஏதாவது போனால் ஜமீலத்துக்கு ஆகாது.

"போதும் பெரியம்மா. வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்பணும்," என்றாள் ஜமீலத்தின் மகள் அமாத்.

துணியும் தோலும் சுற்றி உடலைத் தூக்கினார்கள். ஹகாரு பின்னால் நடந்தாள். போய்ச் சேரவேண்டிய, பாறையில் குடைந்த கல்லறை அவளுடையது. இருபது வருஷத்துக்கு முன், ஜமீலத் ஒட்டகக்காரன் ஒருவனோடு ஓடிப்போன வாரத்தில்தான் ஹகாரு அதன் வாசலில் எழுத்து வெட்டச் சொன்னாள்: ஹகாருவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும், வேறு யாரை உள்ளே வைத்தாலும் துஷாரா தெய்வத்தின் சாபம். புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தங்கை தன் மகளோடு திரும்பி வந்தபோது கோபமெல்லாம் ஆறிப்போயிருந்தது. கல்லில் வெட்டியது வெட்டியபடியே இருந்தது.

அந்த வருஷம், முன்னோருக்குப் படைக்கும் விருந்தன்று கல்லறை வாசலில் நின்று ஜமீலத் கேட்டாள்: "இதுல என் பேரு எது அக்கா?"

ஹகாரு கூசாமல் தன் பெயரையே தொட்டுக் காட்டினாள். எழுத்து தெரியாத ஜமீலத் அதற்கு வருஷம் தவறாமல் எண்ணெய் தடவி முத்தமிட்டாள்.

எழுத்து வெட்டிய ஹலபுதான் இன்று கதவைத் திறந்தான். பிணத்தைப் பார்த்தான், ஹகாருவைப் பார்த்தான்.

"எந்த மாடத்துல வைக்கணும்மா?"

"என்னோடதுல."

"சாபம் இருக்கே..." என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"நான் குடுத்ததுதானே. என் தலையிலேயே விழட்டும்."

உடலை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். "தன் இடத்தையே குடுத்துட்டா பாரு! கூடப்பொறந்தவன்னா இப்படியில்ல இருக்கணும்," என்று கூட வந்த ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ஹகாருவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அமாத் மிச்ச எண்ணெயோடு வாசல் எழுத்தருகே போனாள். ஒரு வார்த்தை மட்டும் பளபளத்தது.

"அம்மா பேரு இதுதானே பெரியம்மா?"

ஹலபு குனிந்து உளிகளைத் துணியில் சுற்றத் தொடங்கினான்.

"ஆமா," என்றாள் ஹகாரு.

அமாத் அதற்கு முத்தமிட்டாள். பிறகு விரலை மறுபடி எண்ணெயில் தோய்த்துக்கொண்டு திரும்பினாள்.

"உங்க பேரு எது? அதுக்கும் வைக்கிறேன்."

"என் பேரு இதுல இல்லடி."

அமாத்தின் விரலிலிருந்து எண்ணெய் மணலில் சொட்டிக்கொண்டிருந்தது.