தொடையில் ஒரு புள்ளி

சலவைக்கடைக்காரருக்கு யார் சட்டையில் என்ன கறை என்பது அத்துப்படி. "என்ன சார், பேனா உங்களோட சண்டை போட்டுச்சா?" என்று கேலி செய்யாமல் ஒரு துணியையும் வாங்கமாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் இன்று ஆஸ்பத்திரி நாற்காலியில், மடியில் ஒரு பையை வைத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புராஸ்டேட்டில் புற்றுநோய். அது எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன். காலையில் ஊசி போட்டபோதே ஸ்கேன் எடுக்கும் பெண் விளக்கிச் சொன்னாள். எலும்பில் கோளாறு உள்ள இடத்தில் மருந்து சேர்ந்து, படத்தில் கறுப்பாக விழும். மிச்சம் சிறுநீரில் போய்விடும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். படுப்பதற்கு முன் கழிப்பறைக்கும் போய்வரச் சொன்னாள். போனார். கதவைத் தாழிடுவதற்குள் அது முந்திக்கொண்டது. நல்லவேளை, கருநீலக் கால்சட்டை. வெளியே தெரியாது என்று கமுக்கமாகப் போய்ப் படுத்துவிட்டார்.

ஸ்கேன் முடிந்து, இப்போது அந்தப் பெண் வெளியே வந்தாள். துணைக்கு வந்திருந்த மருமகன் சட்டென்று எழுந்தார்.

"ஐயா, இடது தொடையில ஒரு புள்ளி கறுப்பா விழுந்திருக்கு. பாத்ரூம்ல துணி ஏதும் நனைஞ்சுதா? நனைஞ்சாலும் இப்படி விழும். மாத்திட்டு மறுபடி எடுத்துடலாம்."

பெண்ணைக் கொடுத்த இடம். மாப்பிள்ளை எதிரில் மேல் பொத்தான் போடாமல்கூட அவர் நின்றதில்லை.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"நிச்சயமா?"

"நான் என்ன கைக்குழந்தையா?"

அவள் படத்தை டாக்டரிடம் காட்டப் போனாள். மருமகன் ஜன்னலோரம் போய் போனை எடுத்தார்.

"அழாத... ஒரே ஒரு இடம்தானாம்... தொடை எலும்புல. நீயே இப்படி அழுதா நான் எப்படி..."

சலவைக்கடைக்காரர் காதில் எல்லாம் விழுந்தது. அங்கே மகள் அழுகிறாள். ஈரக் கால்சட்டைக்காக அழுகிறாள். நனைத்துக்கொண்டதாவது உடம்பு செய்த வேலை. இந்தப் பொய் அவரே சொன்னது. கூசிப்போனார்.

"மாப்பிள்ளை, போனை வைங்க. நனைஞ்சுதான் இருக்கு."

சத்தமாகவே வந்துவிட்டது. காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

தொடையைக் கழுவி, ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு மறுபடி படுத்தார். புள்ளி போய்விட்டது.

"வேற எதுவும் எனக்குத் தெரியலை. இருந்தாலும் டாக்டர் பார்த்துச் சொல்லுவார்" என்றாள் அந்தப் பெண். அவள் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மருமகன் ஈரத்துணியைப் பையில் சுருட்டி முடிச்சுப் போட்டார்.

"குடுங்க மாப்பிள்ளை, நான் எடுத்துக்கறேன்."

"விடுங்க மாமா. எங்க துணியெல்லாம் நீங்கதானே வெளுக்கறீங்க?" என்று சிரித்தபடி போனை நீட்டினார். "உங்க பொண்ணு பேசணுமாம்."

"ஏம்ப்பா முதல்லயே சொல்லல?" மகளுக்கு இன்னும் மூக்கடைப்புத் தீரவில்லை.

எந்தக் கறைக்கும் ஒரு வழி சொல்கிறவர், போனைக் காதில் வைத்தபடி, "மாப்பிள்ளை முன்னாடி கறை தெரியக்கூடாதுன்னு மறைச்சிட்டேம்மா" என்றார்.